தண்ணீருக்கு வெளியே நிற்கும் விசிறி

வேலூரில் நர்சிங் படித்த பெண்கள் போகாத நாடு இல்லை. என் தங்கை மகளும் அப்படித்தான் இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு வேலைக்குப் போனாள். ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்து துறைமுகப் பக்கம் நடந்தவள் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். நான்கு இறக்கை வைத்த பெரிய உலோக விசிறி ஒன்று, படகுத்துறை ஓரமாகத் திறந்தவெளியில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் அவள் சின்னப் பிள்ளைபோலத் தெரிகிறாள். படத்துக்குக் கீழே கேள்வி: "மாமா, கப்பலையே காணோம், அதோட ஃபேனை மட்டும் எதுக்கு இங்க வச்சிருக்காங்க? நீங்க ஃபேன் செஞ்சவராச்சே, சொல்லுங்க."

செய்தவன்தான். ராணிப்பேட்டையில் அனல்மின் நிலையக் கொதிகலன்களுக்கு விசிறி செய்யும் ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தேன். நாங்கள் செய்தவை காற்றைத் தள்ளின. இது அட்லாண்டிக் கடலைத் தள்ளியது. ஆனாலும் படத்தைப் பார்த்த உடனே என் கண் இறக்கையின் முறுக்கைத்தான் தேடியது. ஓடுகிற கப்பலில் இந்தப் பாகத்தை யாரும் பார்க்க முடியாது. நீர்மட்டத்துக்குக் கீழே, பின்பக்கத்தில், சுக்கானுக்கு முன்னால் இருக்கும். தண்ணீரை வடித்துவிட்டுப் பழுதுபார்க்கும் உலர்துறைக்குக் கப்பல் வந்தால் அங்கே வேலை செய்கிறவர்கள் மட்டும் பார்ப்பார்கள். ஆயுள் முழுக்க மறைந்திருந்தே வேலை செய்த பாகம் கரையில் நிற்கும்போது அதன் உடம்பில் படிக்க எவ்வளவோ இருக்கிறது. அவளுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டு இந்தக் கட்டுரையாகிவிட்டது.

அவள் பார்த்தது லூசிடானியா என்ற பயணிகள் கப்பலின் புரொப்பல்லர். ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் ஜான் பிரவுன் நிறுவனம் கட்டிய கப்பல் அது. 1906 ஜூனில் நீரில் இறக்கினார்கள். 1907 செப்டம்பரில் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். நீளம் ஏறக்குறைய 240 மீட்டர். நீராவி பாய்ந்து சுழலும் டர்பைன் என்ற எஞ்சின்கள் சுழற்றும் நான்கு தண்டுகள், தண்டுக்கு ஒரு புரொப்பல்லர். மணிக்கு 25 கடல் மைல் வேகம். ஓடத் தொடங்கிய மறுமாதமே அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடந்த கப்பல் என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது.

1915 மே 7 அன்று, அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பால், யூ-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் விட்ட டார்பிடோ அதன் மேல் பாய்ந்தது. அவ்வளவு பெரிய கப்பல் 18 நிமிடத்தில் மூழ்கிவிட்டது. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பயணிகள், குழந்தைகளும் இருந்தார்கள். கப்பல் ஊழியர்களில் பலர் லிவர்பூல்காரர்கள். அந்த ஊர்த் தெருக்களில் எத்தனை வீட்டில் அன்று விளக்கேற்றாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதே போருக்கு நம் ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் கல் பதித்திருக்கிறார்கள். கடைத்தெருவுக்கு வருகிற எத்தனை பேர் நின்று படிக்கிறோம்? அந்த 277 பேரைக் கடல் கடத்திக் கொண்டுபோனவையும் இப்படிப்பட்ட விசிறி சுழன்ற நீராவிக் கப்பல்கள்தான்.

1982ல், 90 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடந்த லூசிடானியாவிலிருந்து நான்கில் மூன்று புரொப்பல்லர்களைக் கழற்றி மேலே கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்றுதான் லிவர்பூலில், ஆல்பர்ட் டாக் பகுதியில் இருக்கிறது. மற்ற இரண்டின் கதை வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் விசிறி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் எதிரில் இருப்பது வெறும் உலோகப் பூவாகத்தான் தெரியும்.

வீட்டில் கைப்பிடியைச் சுற்றிப் பிழிகிற பித்தளை முறுக்கு அச்சு இருக்கிறதல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் தண்டு மரையின் ஒரு படி அளவுக்கு இறங்கி மாவைத் தள்ளும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு இறக்கம் என்ற அந்த அளவைத்தான் பட்டறையில் பிட்ச் என்போம். புரொப்பல்லரும் ஒரு திருகுதான். தண்ணீருக்குள் தன்னைத் திருகிக்கொண்டு முன்னே போகிறது, கூடவே கப்பலையும் தள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் முறுக்கு அச்சின் மரை பித்தளை, நகராது. தண்ணீர் வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடும். பிட்ச் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்குக் கப்பல் 4 மீட்டரோ நாலரை மீட்டரோதான் போகும். அந்த வித்தியாசத்துக்கு ஸ்லிப் என்று பெயர். வழுக்கல் இல்லாமல் புரொப்பல்லர் இல்லை. தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தானே கப்பல் முன்னால் போகும்!

அடுத்தது, இறக்கையில் இருக்கும் அந்த முறுக்கு. இறக்கை அடிப்பக்கத்தில் நிமிர்ந்தும், நுனிக்குப் போகப்போகப் படுத்தும் இருக்கும். இது அழகுக்கு வளைத்தது அல்ல. ஏலகிரி மலைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது கவனித்திருப்பீர்கள். வளைவின் உள்பக்கமாக ஏறுகிற வண்டி திணறும், வெளிப்பக்கமாகச் சுற்றி வருகிற வண்டி அலுங்காமல் ஏறிவிடும். ஏறவேண்டிய உயரம் இருவருக்கும் ஒன்றுதான். உள்ளே இருப்பவருக்குத் தூரம் குறைவு, அதனால் சரிவு அதிகம். வெளியே இருப்பவருக்குத் தூரம் அதிகம், அதனால் சரிவு குறைவு. புரொப்பல்லர் இறக்கையின் அடியும் நுனியும் இப்படித்தான். இரண்டும் ஒரே சுற்றில் ஒரே அளவு முன்னேற வேண்டும். நுனி சுற்றும் வட்டம் பெரியது, ஆகவே அங்கே சரிவு குறைவு. கண்காட்சியில் நிற்கும் எந்தப் புரொப்பல்லரையும் பக்கவாட்டில் நின்று, அடியிலிருந்து நுனி வரை ஒரு இறக்கையை மட்டும் கண்ணால் வருடிப் பாருங்கள். மலைப்பாதை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இறக்கை தண்ணீரைத் தள்ளுகிறது என்று சொல்வது பாதிதான் சரி. இறக்கையின் முன்பக்கத்தில், அதாவது கப்பலைப் பார்த்த பக்கத்தில், தண்ணீரின் அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சல்தான் கப்பலை நகர்த்துவதில் பெரிய பங்கு வகிக்கிறது. பறவையின் சிறகு, விமானத்தின் இறக்கை, நாங்கள் செய்த விசிறியின் பிளேடு எல்லாமே அந்த ஒரே குடும்பம்.

இவ்வளவு எளிய விஷயத்தைக் கப்பலில் பொருத்த மனிதனுக்கு இத்தனை காலம் பிடித்ததே என்று தோன்றலாம். திருகு பழசுதான், அதைச் சுற்ற எஞ்சின் வேண்டியிருந்தது. எஞ்சின் வந்ததும் முதலில் பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம்தான் வைத்தார்கள். அது ஆற்றுக்குச் சரி. கடலில் கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால் ஒரு சக்கரம் மூழ்கும், மறு சக்கரம் காற்றைத் துழாவும். நிலக்கரி எரிந்து தீரத் தீரக் கப்பல் மேலே எழும்பும், சக்கரத்துக்குத் தண்ணீர் எட்டாது. போர்க்கப்பலாக இருந்தால் எதிரியின் ஒரே குண்டு போதும்.

1836ல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் திருகு விசிறிக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பொறியாளர் அல்ல, விவசாயி. குளத்தில் மாதிரிப் படகு விட்டுப் பார்த்தவர். அதே வருடம் ஸ்வீடன்காரரான எரிக்சனும் தனியாக ஒரு காப்புரிமை வாங்கினார். ஸ்மித்தின் முதல் விசிறி மரத்தால் ஆனது, இரண்டு முழுச் சுற்று கொண்ட நீளமான திருகு. 1837ல் லண்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது பாதித் திருகு உடைந்து போய்விட்டது. உடைந்த பிறகு படகு இன்னும் வேகமாக ஓடியது! திருகு நீளமாக இருக்கத் தேவையில்லை என்று அந்த உடைசல்தான் சொல்லிக்கொடுத்தது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பட்டறையில் எத்தனையோ தடவை உடைந்த துண்டுதான் எங்களுக்கும் வாத்தியார்.

பிறகு வந்தது புரூனெல் என்ற பொறியாளர் கட்டிய கிரேட் பிரிட்டன் என்ற கப்பல். 1843ல் பிரிஸ்டலில் நீரில் இறங்கிய அந்த இரும்புக் கப்பலுக்கு முதலில் துடுப்புச் சக்கரம்தான் திட்டம். ஸ்மித்தின் கப்பலைப் பார்த்துவிட்டு நடுவில் மனதை மாற்றிக்கொண்டு ஆறு இறக்கை வைத்த, நாலரை மீட்டருக்கும் அதிகமான விட்டமுள்ள விசிறியைப் பொருத்தினார்கள். கடலில் அதன் இறக்கைகள் ஒவ்வொன்றாக உடைந்தன, வேறு விசிறி மாட்ட வேண்டியதாயிற்று. ஆனால் வடிவத்தில் குறையில்லை, உலோகமும் செய்நேர்த்தியும்தான் அப்போது போதவில்லை. பாக்லாந்துத் தீவுகளில் கைவிட்டுக் கிடந்த அந்தக் கப்பலை 1970ல் பிரிஸ்டலுக்கே இழுத்து வந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு இறக்கை விசிறியின் நகலும் அதில் இருக்கிறது.

1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு வேடிக்கை செய்தது. விசிறி வைத்த ராட்லர், துடுப்புச் சக்கரம் வைத்த அலெக்டோ என்ற இரண்டு கப்பல்களையும் முதுகோடு முதுகாகக் கயிற்றில் கட்டி எதிரெதிராக ஓட்டினார்கள். நம் ஊர்ப் பொங்கல் விளையாட்டுக் கயிறு இழுக்கும் போட்டியேதான். அலெக்டோவின் சக்கரங்கள் முழுமூச்சில் சுற்றிக்கொண்டிருக்க, ராட்லர் அதை மணிக்கு 2.8 கடல் மைல் வேகத்தில் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது.

இந்தப் போட்டியை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விசிறியைச் சுற்றும் தண்டு கப்பலின் பின்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அந்தத் துளையில் தண்டு உரசி உரசி, அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்து, தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். உலோக பேரிங் எதுவும் தாக்குப்பிடிக்கவில்லை. 1854ல் ஜான் பென் என்ற பொறியாளர் மரத்தை வைத்தார். லிக்னம் வைட்டே என்ற அந்த மரம் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். உள்ளேயே எண்ணெய்ப் பிசின் இருக்கும். கடல்தண்ணீரையே மசகாக வைத்துக்கொண்டு அந்த மரக்கட்டைகள் தேயாமல் நின்றன. பேரிங்கோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய எனக்கு, இது ராட்லர் கதையைவிடப் பத்து மடங்கு பெரிய கதை.

சரி, இங்கே வேலூருக்கு ஒரு தொடர்பு வருகிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷார் 1815ல் பிடித்து, 1816ல் குடும்பத்தோடு கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கொழும்பிலிருந்து அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்த கப்பல் கார்ன்வாலிஸ். 74 பீரங்கி கொண்ட பாய்மரப் போர்க்கப்பல். மும்பைத் துறையில் பார்சி கப்பல் தச்சர் ஜம்செட்ஜி போமன்ஜி வாடியா தேக்கில் கட்டி 1813ல் நீரில் விட்டது. அப்போது அதில் விசிறி இல்லை, காற்றுதான் எல்லாம். சென்னையில் துறைமுகமும் கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் மனிதர்கள் கரைக்கு வர வேண்டும்.

ராஜசிங்கனை இறக்கிவிட்ட பிறகும் அந்தக் கப்பலுக்கு நீண்ட ஆயுள் இருந்தது. அபினிப் போருக்குப் பின் 1842ல் சீனாவோடு நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தானது அதன் தளத்தில்தான். 1855ல், அதாவது ஜான் பென்னின் மர பேரிங் வந்த மறுவருடம், நாற்பது வயதைத் தாண்டிய அந்தத் தேக்குக் கப்பலின் பின்பக்கத்தைத் துளைத்து எஞ்சினும் புரொப்பல்லரும் வைத்தார்கள். பீரங்கியை 60 ஆகக் குறைத்து, ரஷ்யாவுக்கு எதிரான போரில் பால்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். 1865ல் இங்கிலாந்தில் ஷீர்னெஸ் துறையில் அதன் உடம்பைப் படகுத்துறை மேடையாக்கினார்கள். கடைசியில் 1957ல்தான் உடைத்தார்கள். நம் கோட்டைக்கு ஒரு கைதி மன்னனைக் கொண்டுவந்த மரம், நாடு விடுதலை அடைந்து பத்து வருடம் ஆகும் வரை தண்ணீரில் நின்றிருக்கிறது.

கார்ன்வாலிஸுக்கு இருந்தது மெதுவாகச் சுற்றும் விசிறி. லூசிடானியா காலத்தில் கதை மாறிவிட்டது. டர்பைன் என்பது வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒரே தண்டில் கட்டினால் சண்டைதான். இந்தச் சண்டையை முதலில் அனுபவித்தவர் டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ். 1894ல் அவர் கட்டிய டர்பினியா என்ற சின்னக் கப்பலில் எஞ்சின் பறந்தது, கப்பல் நகர மாட்டேன் என்றது. விசிறி மிக வேகமாகச் சுற்றியதில் இறக்கையின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, குளிர்ந்த தண்ணீரே கொதித்துக் குமிழி குமிழியாக ஆவியாகிவிட்டது. விசிறி தண்ணீரைப் பிடிக்காமல் ஆவியைக் கடைந்துகொண்டிருந்தது. இதற்குப் பெயர் கேவிட்டேஷன்.

குளிர்ந்த தண்ணீர் கொதிக்குமா என்று கேட்பவர்கள் நம் மாவட்டத்துக் கிணற்று விவசாயிகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம், விஷயம் நன்றாகத் தெரியும். வட ஆற்காட்டுத் திறந்த கிணறுகளில் நீர்மட்டம் இறங்க இறங்க, மோட்டாரையும் பம்பையும் கிணற்றுக்குள் இறக்கி இறக்கி வைத்துக்கொண்டே போன காலம் ஒன்று இருந்தது. பம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆறேழு மீட்டருக்கு மேல் போனால் பம்பு எடுக்காது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ஒரேயடியாகக் குறைந்து தண்ணீர் ஆவியாகி, பம்புக்குள் ஜல்லி போட்டுக் குலுக்கினாற்போலச் சத்தம் வரும். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லரில், அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரத்தில், அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக இருக்கும். குமிழிகள் வெடித்துச் சுருங்கும்போது ஒவ்வொன்றும் ஊசியால் குத்துவதுபோல உலோகத்தைக் குத்திப் பெயர்த்துவிடும். கடலில் புரொப்பல்லர் இறக்கைக்கும் இதே தழும்புதான் வரும். அருங்காட்சியகத்தில் இறக்கையின் முதுகிலும் நுனி ஓரத்திலும் கையகலம் சொரசொரப்பாகத் தெரிந்தால், அது துருவா, குமிழிகள் தின்ற இடமா என்று நின்று கவனிக்க வேண்டும்.

பார்சன்ஸ் விடவில்லை. கண்ணாடிச் சன்னல் வைத்த சின்னத் தண்ணீர்த் தொட்டி ஒன்றைச் செய்து, அதில் விசிறியைச் சுற்றவிட்டுக் குமிழிகளைக் கண்ணால் பார்த்தார். ஒரு தண்டு இருந்த இடத்தில் மூன்று தண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி, ஆக ஒன்பது விசிறி வைத்தார். 1897ல் கடற்படை அணிவகுப்பின் நடுவே யாரும் துரத்திப் பிடிக்க முடியாத வேகத்தில் டர்பினியாவை ஓட்டிக் காட்டினார். பத்து வருடம் கழித்து லூசிடானியாவுக்கு டர்பைனும் நான்கு தண்டும் வந்தது இதன் தொடர்ச்சிதான். இருந்தும் முதல் சோதனை ஓட்டத்தில் கப்பலின் பின்பகுதி அப்படி அதிர்ந்தது. அங்கே இருந்த இரண்டாம் வகுப்பு அறைகளைப் பிரித்து, தாங்கு கொடுத்து, மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 1909ல் மூன்று இறக்கை விசிறிகளைக் கழற்றி நான்கு இறக்கை விசிறிகளை மாட்டினார்கள். என் தங்கை மகள் எடுத்த படத்தில் இறக்கைகளை எண்ணினால் நான்கு. அந்த நான்கு என்ற எண்ணிலேயே ஒரு பொறியியல் தகராறும் அதற்குத் தேடிய வழியும் இருக்கிறது. விசிறியின் பேலன்ஸ் கையளவு தப்பினால் கட்டடமே ஆடும் என்பதை ஆலையில் பார்த்தவன் நான். மிதக்கும் கட்டடத்தில் அது எப்படி இருந்திருக்கும்!

சரி, கப்பல் மூழ்கி 67 வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த விசிறி எப்படி முழுசாக வந்தது? உலோகம்தான் காரணம். மாங்கனீஸ் வெண்கலம் என்று அதற்குப் பெயர். பெயரில் வெண்கலம் இருந்தாலும் குடும்பம் பித்தளைதான். பாதிக்கு மேல் செம்பு, மீதியில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் இரும்பு, மாங்கனீஸ். செம்பு இருக்கும் இடத்தில் கடல் சிப்பிகள் லேசில் ஒட்டாது. அதோடு, கடல்தண்ணீரில் எஃகும் வெண்கலமும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு பேட்டரிபோல ஆகிவிடும். அதில் அரிபடுவது எஃகு, வெண்கலம் தப்பிக்கும். ஓடுகிற கப்பலில் இதைத் தடுக்கத்தான் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டிகளை வைத்து, எஃகுக்குப் பதிலாக அவற்றை அரிக்கவிடுவார்கள். மூழ்கிய கப்பலுக்கு யார் கட்டி மாற்றுவார்கள்? உடம்பு தன்னைக் கரைத்துக்கொண்டு விசிறியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

அப்படிக் கடல் விட்டுவைத்ததை மனிதன் விட்டுவைக்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். கப்பல் உடைக்கிறவர்களுக்கு இரும்புத் தகட்டைவிட புரொப்பல்லர்தான் காசு. பித்தளை விலை பித்தளை விலைதான். லூசிடானியாவின் மூன்று விசிறிகளில் ஒன்று லிவர்பூலுக்கு வந்தது. இன்னொன்று அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் ஒரு ஹோட்டலுக்குப் போனது. மூன்றாவதை உருக்கி 3,500 செட் கோல்ஃப் மட்டை செய்துவிட்டார்கள். படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் பக்கத்தில், ஆற்காட்டுக்கு வெளியே, ஆள் உயரச் சக்கரம் வைத்த பழைய எஞ்சினோடு ஒரு அரிசி மில் இருந்தது. சின்ன வயதில் அந்த டுக்-டுக் சத்தம் கேட்டுத்தான் எனக்கு மெஷின் ஆசையே வந்தது. பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு போய், சக்கரத்தையாவது வாசலில் நிறுத்தி வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். போன வாரம்தான் லாரியில் ஏற்றினோம் என்றார்கள். எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

நகல் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். வடிவத்தைக் காட்ட நகல் போதும், பிரிஸ்டலில் அது நல்ல வேலை செய்கிறது. ஆனால் அசல் உலோகத்தில் வார்த்தவரின் கையும் இருக்கும், கடலின் கையும் இருக்கும். அந்தக் காலத்தில் பெரிய புரொப்பல்லரைக் களிமண்ணும் மணலும் கலந்த அச்சில் வார்த்தார்கள். நடுவில் ஒரு தூண் நட்டு, அதில் ஒரு பலகையைக் கைபோலக் கோத்து, சாய்வான தண்டவாளத்தின் மேல் ஏற்றிச் சுற்றுவார்கள். பலகை சுற்றிக்கொண்டே ஏறும்போது மண்ணில் இழுபடும் பரப்புதான் இறக்கையின் முறுக்கு. சுவாமிமலையில் மெழுகு வைத்துச் சிலை வார்ப்பது ஒரு வித்தை, இது இன்னொரு வித்தை. இரண்டிலும் கணக்கு கையில்தான்.

எடுத்துவந்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கடலில் கிடந்த செம்புக் கலவைக்குள் உப்பு ஏறியிருக்கும். காற்றில் ஈரம் பட்டால் அந்த உப்பு மறுபடி விழித்துக்கொண்டு பச்சைப் பொடியாக உலோகத்தைத் தின்னத் தொடங்கும். களிம்பு என்று நாம் சொல்வது இதன் ஒரு முகம். மண்ணுக்குள் இருந்து வந்த நம் சாமி சிலைகளுக்கும் இதே நோய்தான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே இதற்காக வேதியியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கி, பரமசிவன் என்ற வேதியியலாளர் வெண்கலச் சிலைகளுக்கு மின்சார முறையில் வைத்தியம் பார்த்தார். நம் வீட்டுப் பழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால் களிம்போடு வரலாறும் போய்விடும். குமிழி தின்ற தழும்பு, உளி பட்ட இடம், தேய்ந்த ஓரம் எல்லாம் அந்த மேல்தோலில்தான் இருக்கிறது.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் ராஜசிங்கன் ஆடிய தந்தச் சதுரங்கம் இருக்கிறது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சின்னப் பொருள், கண்ணாடிக்குள் இருக்கும், கடந்து போய்விடுவேன். லிவர்பூல் படத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து கார்ன்வாலிஸ் வரை போய் வந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இந்தக் காயை நகர்த்திய கை ஒரு கப்பலில் வந்தது, அந்தக் கப்பலுக்கு அப்போது விசிறி இல்லை, பிறகு வைத்தார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். "அந்த ஃபேன் இப்ப எங்க தாத்தா?" என்று கேட்டான். போர்டில் அதெல்லாம் எழுதியிருக்காது. எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கப்பலின் பெயரும் வருடமும் போதும், இரண்டு வரி. ஒரு பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு மும்பைத் தேக்குக்கும் பால்டிக் கடலுக்கும் போய்விடுவான்.

லிவர்பூலில் வருடாவருடம் மே 7 அன்று அந்த விசிறியின் பக்கத்தில் கூடி, இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். என் தங்கை மகள் இந்தத் தடவை போகிறேன் என்றிருக்கிறாள். போனால் கூட்டம் கலைந்த பிறகு ஒரு இறக்கையின் நுனி ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, சொரசொரப்பா வழவழப்பா என்று எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். நான்காவது விசிறி இன்னும் கடலுக்கு அடியில் அந்தக் கப்பலோடுதான் இருக்கிறது.